வழிமொழிய எவரும் இல்லாததால்

இல்லண்ணே, மேனேஜர் குடுத்த லிஸ்ட்ல அப்படித்தான் இருக்கும். எனக்குத் தெரியும். முன் வரிசையில சேர்மனுக்கு இடது பக்கம் மூணாவது நாற்காலி நான், நாலாவது எங்க நாத்தனார். பதவி முடியுற இந்த அஞ்சு வருஷமும் நகராட்சி சபையில நாங்க உக்காந்த வரிசையே அதுதான். அவரு பாவம் அதை அப்படியே ஃபோட்டோவுக்கும் எழுதிக் குடுத்துட்டாரு. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. அந்த நாலாவது நாற்காலியத் தூக்கி வலது பக்கக் கோடியில போட்டுடுங்க. எம் பக்கத்துல மருந்துக்கடைக்காரர் உக்காரட்டும். அவரும் கிட்டத்தட்ட என் உயரம்தான், படத்துல மேடு பள்ளமாத் தெரியாது.

கேட்டா, ஃபோட்டோக்காரர்தான் மாத்திட்டாரு, உயரம் சரியா வரலன்னு சொன்னாருன்னு சொல்லிக்குவேன். உங்க பேருக்கு ஒண்ணும் வராது. கவுன்சிலருங்ககிட்ட சொல்றதுக்கு இல்ல, அவங்கள்ல ஒருத்தரும் கேக்கப் போறதில்ல. வீட்டுல சொல்லணும். எங்க வீட்டுக்காரர் கேப்பாரு. கண்டக்டர் வேலை பாத்தவரு, எதையும் ரெண்டு தடவை கேட்டாத்தான் அவருக்கு மனசு ஆறும். நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து எடுத்த படம் வேணும்னு அவருக்கு ஒரு ஆசை. எனக்கு அது முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

சண்டையான்னா, சண்டைன்னு சொல்ல முடியாது. சண்டை போட்டிருந்தா இந்நேரம் சமாதானம் ஆகியிருப்போம். நாங்க ரெண்டு பேரும் போடாத சண்டையா. அவ கல்யாணத்துக்கு முன்னாடி நாலு வருஷம் ஒரே வீட்டுல இருந்திருக்கோம், ஒரே சோப்பு, ஒரே சீப்பு. பேசாம இருந்த நாளு உண்டு, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வெச்ச நாளு உண்டு. இது வேற.

நீங்க வேலையப் பாத்துக்கிட்டே கேளுங்க. பத்தரைக்குத்தானே ஃபோட்டோ, இன்னும் ஒருத்தரையும் காணோம். வந்துருவாங்க. ஃபோட்டோன்னா எல்லாரும் கரெக்டா வருவாங்க, கூட்டம்னாத்தான் ஒவ்வொருத்தருக்கா ஃபோன் போடணும்.

நகராட்சிக் கூட்டம் பாத்திருக்கீங்களாண்ணே? பாக்காதீங்க. அறுபது பொருள் இருக்கும். மேனேஜர் எந்திரிச்சு நின்னு, பொருள் ஒண்ணுலேருந்து நாப்பது வரைக்கும்பாரு. எல்லாரும் மேசையத் தட்டுவாங்க. ஆல்பாஸ். எந்தத் தெருவுல பைப்பு, எந்தக் கட்டடத்துக்கு லைசென்ஸு, ஒருத்தரும் படிச்சிருக்க மாட்டாங்க. ஆனா இதோ நீங்க தூக்கிப் போடுறீங்களே இந்த நாற்காலி, இதுக்கு மெத்தைத் துணி பச்சையா சிவப்பான்னு ஒரு பொருள் வந்துச்சு. அன்னிக்கு ரெண்டரை மணி நேரம் விவாதம். ரெண்டு பேரு வெளிநடப்பு. சிவப்புக்கு ஓட்டுப் போட்டவங்க சேந்து டீ குடிக்கப் போனாங்க, பச்சை தனியாப் போச்சு. சிரிக்காதீங்க, நானும் பச்சைக்குத்தான் ஓட்டுப் போட்டேன்.

அந்த ஆல்பாஸுக்கு வெளிய, உறுப்பினர் தானாக் கொண்டு வர்ற தீர்மானம்னு ஒண்ணு இருக்கு. அதுதான் எங்களுக்கு இருக்குற ஒரே பிடி. நான் எந்திரிச்சு முன்மொழியணும். உடனே இன்னொருத்தர் வழிமொழியணும். வழிமொழியறதுன்னா ஒண்ணும் இல்ல, கை தூக்கி, வழிமொழிகிறேன்னு ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை விழுந்துடுச்சுன்னா அதுக்கப்புறம் விவாதம் நடந்தாகணும், எஞ்சினியர் எந்திரிச்சு பதில் சொல்லியாகணும், ஓட்டு விட்டாகணும், யாரு ஆதரிச்சாங்க யாரு எதிர்த்தாங்கன்னு மினிட்ஸ் புக்குல பேரு பேராப் பதிவாகும். அந்த ஒரு வார்த்தை வரலன்னா, தீர்மானம் அங்கயே செத்துப்போச்சு. ஒரு வரி பேச விட மாட்டாங்க.

இந்தச் சபையில இருபத்தி நாலு பேரு. பொம்பளைங்கள்ல எந்திரிச்சுப் பேசறது நானும் அவளும்தான். அவ வார்டு எங்க வார்டுக்கு அடுத்த வார்டு. நிக்க வெச்சதே எங்க வீட்டுக்காரர்தான். என் பொண்டாட்டி ஒரு வார்டு, என் தங்கச்சி ஒரு வார்டுன்னு டிப்போவுல சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போவாரு. டியூட்டி முடிச்சுட்டு வந்து ரெண்டு வார்டுலயும் ஒரு வீடு விடாம ஏறி எறங்கினவரு. ஜெயிச்சு வந்த முத நாளே எங்களுக்குள்ள ஒரு பேச்சு. நான் எந்திரிச்சா அவ வழிமொழியணும், அவ எந்திரிச்சா நான். என்ன ஏதுன்னு கேக்கக் கூடாது. கேட்டு யோசிச்சா அதுக்குள்ள சேர்மன் அடுத்த பொருளுக்குப் போயிருவாரு.

அவளுக்கு மத்தியானம் சாப்பிட்டு உக்காந்தா கண்ணு சொருகிடும். அதனால நான் முழங்கையால லேசா ஒரு இடி இடிப்பேன். இடிச்ச உடனே கை மேல போயிரும். அவ பாதித் தூக்கத்துல வழிமொழிஞ்சது எத்தனையோ. ஒரு நாள் கேட்டை மறிச்சு வண்டி நிறுத்தினது யாருன்னு சேர்மன் மைக்குல கேக்குறாரு. நான் பேனா எடுக்கக் குனிஞ்சேன், முழங்கை அவ மேல பட்டுடுச்சு. எந்திரிச்சு, வழிமொழிகிறேன்னு கணீர்னு சொன்னா பாருங்க. சபையே உருண்டு சிரிச்சுச்சு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து அவ அண்ணன்கிட்ட சொன்னோம், அவருக்குச் சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்துடுச்சு. முப்பத்தி ஏழு தீர்மானம்ணே. நாங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கொண்டு வந்தது. பாதி தோத்துச்சு, அது வேற விஷயம். ஒண்ணு கூட வழிமொழிய ஆளில்லாம விழுந்தது கிடையாது.

முப்பத்தி எட்டாவதுதான் வாய்க்கால்.

எங்க வார்டும் அவ வார்டும் சேர்ற எடத்துல, பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடித் தெருவுல மழைத்தண்ணி வாய்க்கால் ஒண்ணு ஓடுது. ஓடுது என்ன, கெடக்குது. ஒரு ஆளு ஆழம். மேல மூடி கிடையாது. பாதியில விட்ட சுவத்துலேருந்து கம்பி வேற நீட்டிக்கிட்டு நிக்கும். வெயில் காலத்துல பாத்து நடந்துடலாம். மழை பேஞ்சு தெருவுல முழங்கால் தண்ணி நின்னுச்சுன்னா எது ரோடு, எது வாய்க்கால்னு பொறந்ததுலேருந்து அங்க இருக்குறவனுக்கே தெரியாது. மழைக்கு முன்னாடி சிலாப்பு போட்டு மூடணும்னு நான் மனு குடுத்தேன், எஞ்சினியர் ரூமுக்கு நடந்தேன். சேர்மனுக்கு இஷ்டம் இல்ல. அதுக்குன்னு ஒதுக்கினதை ஆபீஸ் வாசல்ல நீரூற்று கட்ட மாத்தி வெச்சிருந்தாரு. வர்றப்ப பாத்திருப்பீங்களே. ஆமா, அதுதான். தண்ணி வந்து நானும் பாத்ததில்ல.

அதனால தீர்மானமாக் கொண்டு வரலாம்னு முடிவு பண்ணோம். பண்ணோம்னு சொல்றேன் பாருங்க. முந்தின நாள் சாயங்காலம் எங்க வீட்டு மேசையில உக்காந்துதான் எழுதினோம். மூடியில்லாத வாய்க்கால்னு நான் எழுதியிருந்தேன். அவதான் பேனாவை வாங்கினா. அப்படி எழுதினா எவனும் திரும்பிப் பாக்க மாட்டான் அண்ணி, உயிருக்கு ஆபத்தான வாய்க்கால்னு போடுங்கன்னா. அடிச்சுட்டு அவளே எழுதினா. அந்தக் காகிதம் இன்னும் எங்கிட்ட இருக்கு, அவ கையெழுத்தோட. எங்க வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்து பழம் உரிச்சுக் குடுத்துக்கிட்டு, ஒரு ஆளு எந்திரிக்கவும் ஒரு ஆளு கை தூக்கவும் நகராட்சி ரெண்டு பேருக்குச் சம்பளம் குடுக்குதான்னு கிண்டல் பண்ணிக்கிட்டு இருந்தாரு.

மறுநாள் நான் எந்திரிச்சேன். இதோ, நீங்க ஸ்டாண்டு வெச்சிருக்கீங்களே, அந்த எடம்தான். படிச்சேன். முன்மொழிகிறேன்னு முடிச்சேன். முடிச்சு, பழக்கத்துல முழங்கையால இடிச்சேன்.

கை மேல போகல.

தூங்குறான்னு நெனச்சேன்ணே. அதுவரைக்கும் எனக்கு வேற எதுவும் தோணல. இன்னொரு தடவை இடிச்சேன். திரும்பிப் பாத்தேன். நல்லா முழிச்சுக்கிட்டு இருந்தா. பேனா மூடியக் கழட்டி, மாட்டி, கழட்டி, மாட்டி, அதையே பாத்துக்கிட்டு இருந்தா. சேர்மன் வழிமொழிய யாருன்னு கேட்டாரு. ரெண்டு தடவை கேக்கணும்கிறது விதி. முத தடவைக்கும் ரெண்டாவது தடவைக்கும் நடுவுல நிதானமாத் தண்ணி எடுத்துக் குடிச்சாரு. அவருக்கு அவசரமே இல்ல. ஏன் இல்லன்னு எனக்கு அப்பத் தெரியல. ரெண்டாவது தடவை கேட்டாரு. மருந்துக்கடைக்காரர் இருந்திருந்தா கை தூக்கியிருப்பாரு, அவரு யாருக்கும் பயப்படுறவரு இல்ல. அவரு வராந்தாவுல ஃபோன் பேசிக்கிட்டு இருந்தாரு. முன்னாடியே அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருக்கலாம், நீங்களும் ரெடியா இருங்கன்னு. சொல்லலண்ணே. அதுவரைக்கும் நாலு வருஷத்துல எனக்கு அப்படி ஒரு தேவை வந்ததே இல்ல. வீட்டை விட்டுக் கிளம்பறப்ப செருப்பு இருக்குமா இருக்காதான்னு யோசிப்போமா.

அடுத்த பொருள்னு சொல்லிட்டாரு. நான் அப்படியே நின்னுக்கிட்டு இருந்தேன். மேனேஜர்தான் மெதுவா, அம்மா உக்காருங்கன்னாரு.

மினிட்ஸ் புக்குல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா. வழிமொழிய எவரும் இல்லாததால் தீர்மானம் வீழ்ந்தது. ஒரே வரி. எவரும் இல்லாததால். பக்கத்து நாற்காலியில உக்காந்திருந்தவ பேரு அதுல கிடையாது. ஓட்டுல எதிர்த்திருந்தா அவ பேரு எழுத்துல இருந்திருக்கும், நான் கொண்டு போய்க் காட்டலாம். பேசாம இருந்ததுக்குச் சாட்சி ஏதுண்ணே. எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், சேர்மனுக்குத் தெரியும். இப்ப உங்களுக்கும். நீங்க வெளியூருக்காரரு, படத்தை எடுத்துட்டு பஸ் ஏறிருவீங்க.

அன்னிக்கே படிக்கட்டுல வழி மறிச்சுக் கேட்டேன், ஏன்டீன்னு. ஒரு மாசம்தானே அண்ணி, அடுத்த கூட்டத்துல கொண்டு வாங்க, நான் சத்தியமா வழிமொழியறேன்னா. ஒரு மாசத்துல என்ன ஆகிடப் போகுதுன்னா. என் முகத்தைப் பாக்கல. ஆறாவது நாள் தெரிஞ்சுச்சு. வரிக்குழுத் தலைவர்னு அவளைப் போட்டாங்க. தனி ரூம், கதவுல பேரு, போக வர ஜீப்பு. அதுக்கு ஆசைப்பட்டிருக்கா. ஆசைப்படட்டும், நானா வேண்டாம்கிறேன். எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா, சரி போடீ, இந்தத் தடவை நீ கை தூக்க வேண்டாம்னு நானே மருந்துக்கடைக்காரரைப் பிடிச்சிருப்பேன். அவ ரூம் அவளுக்கு, என் தீர்மானம் எனக்குன்னு போயிருக்கும். நம்ப வெச்சுக் கழுத்தறுக்கணுமா. என் மேசையில உக்காந்து, என் கைப் பேனாவை வாங்கி, உயிருக்கு ஆபத்தானன்னு அவ கையால எழுதிட்டு.

தீர்மானம் நின்னிருந்தா ஜெயிச்சிருக்குமான்னு கேக்குறீங்களா. தெரியாதுண்ணே. எட்டு பேரு சேர்மனுக்கு ஆகாதவங்க, முத ஆளாக் கை தூக்கத்தான் பயம், ஓட்டுன்னு வந்தா போடுவாங்க. ரெண்டு பேரு எந்தப் பக்கமும் சாய்வாங்க. ஜெயிச்சாலும் மறுநாளே சிலாப்பு வந்து எறங்கியிருக்காது, எனக்குத் தெரியாதா இவங்க வேலை செய்யுற லட்சணம். ஆனா நாலு கம்பு நட்டு ஒரு கயிறு கட்டியிருப்பாங்க. எஞ்சினியர் அந்த எடத்துலயே அப்படி ஒரு பதில் சொல்லித்தான் ஆகணும், தற்காலிகமாத் தடுப்பு அமைக்கப்படும்னு. அவங்க வழக்கமாச் சொல்ற பதில்தான் அது. சொன்னா மறுநாள் கயிறாவது கட்டிருவாங்க. எனக்கு அந்தக் கயிறு போதும்ணே.

பதினோராவது நாள் மழை. பகல்லயே பிடிச்சுக்கிட்டுச்சு. நாலு மணிக்கு ஒருத்தர் உள்ள விழுந்துட்டாரு.

உசுரு இருக்கு. அடுத்த கூட்டத்துல என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. அதே தீர்மானம், அதே வாசகம், உயிருக்கு ஆபத்தான உட்பட. ஒருமனதா நிறைவேறிச்சு. முன்மொழிஞ்சது சேர்மன். வழிமொழிஞ்சது எங்க நாத்தனார். நான் அன்னிக்கு ஆஸ்பத்திரியில இருந்தேன். மேனேஜர் ஃபோன் பண்ணிச் சொன்னாரு, சந்தோஷப்படுவேன்னு நெனச்சிருக்காரு. இப்ப அங்க போனா பாக்கலாம், நல்லா கெட்டியான சிலாப்பு, மேல சேர்மன் பேரு போட்ட கல்லு. பிள்ளைங்க அது மேல சைக்கிள் ஓட்டுதுங்க.

விழுந்தவரா. அதைத்தானே சுத்திச் சுத்திச் சொல்லிக்கிட்டு இருக்கேன். எங்க வீட்டுக்காரர்தான்ணே. டியூட்டி முடிச்சுட்டுக் குடையோட வந்திருக்காரு. கம்பி ஏறி, புண்ணு ஆறாம, சக்கரை வேற இருந்துச்சா, முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. ஒன்பது மாசம் ஆச்சு. ஆமா, அவ கூடப் பொறந்த அண்ணன்தான்.

மயக்கம் தெளிஞ்ச அன்னிக்குக் கேட்டாரு, நீங்க ரெண்டு பேரும் அந்த வாய்க்காலுக்குத் தீர்மானம் எழுதினீங்களே, அது என்னாச்சுன்னு. அவ அந்தப் பக்கம் தண்ணி ஜக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. எனக்கு வாய் வரைக்கும் வந்துடுச்சு. அவ அப்பவாவது என்னைப் பாப்பான்னு பாத்தேன். ஜக்கையே பாத்துக்கிட்டு இருந்தா. நாங்க போராடினோங்க, அவனுங்க தோக்கடிச்சுட்டானுங்கன்னு சொல்லிட்டேன். ரெண்டு தடவை கேட்டாரு. ரெண்டு தடவையும் அதையேதான் சொன்னேன். அவரு அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, விடும்மா, நீ என்ன பண்ணுவ, ஒத்தக் கையால எத்தனை பேரைத் தடுப்பன்னாரு. அவ அழுதா. அவரு அழாதேன்னாரு. எந்த அழுகைன்னு எனக்குத்தான் தெரியும்.

தினம் வர்றா. தவறாம. ஜீப்புல வெச்சு அவதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறா. பேப்பர் படிச்சுக் காட்டுறா, முடி வெட்ட ஆளைக் கூட்டிட்டு வர்றா. எங்கிட்ட ஒரு வார்த்தை, அண்ணி நான் பண்ணினது தப்புன்னு ஒரே ஒரு வார்த்தை, இன்னிக்கு வரைக்கும் கிடையாது. நான் கேக்கவும் இல்ல. சமையக்கட்டுல நாங்க ரெண்டு பேரும் பாத்திரம் எடுத்துக் குடுத்துக்குவோம், பேச்சு இருக்காது. எனக்கு அவளைப் பாத்தா வயிறு எரியுதுண்ணே. அவ ஜீப்பு சத்தம் கேட்டா எரியுது. ஆனா அந்தச் சத்தம் கேட்டாத்தான் அவரு எந்திரிச்சு உக்காந்து சட்டை கேக்குறாரு. நாள் பூரா அவரு சிரிக்கிறது அந்த ஒரு மணி நேரம்தான். எங்கிட்ட சிரிக்கிறதில்ல. நான் மருந்து குடுக்குறவ, கட்டு மாத்துறவ, எங்கிட்ட என்ன சிரிப்பு.

அந்தக் காகிதம் அலமாரியில, என் துணிக்கு அடியில இருக்கு. எடுத்து அவரு மடியில போட்டு, எழுதின கை அன்னிக்கு மேல போகலன்னு சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. கால் போச்சு அவருக்கு. தங்கச்சியும் போகணுமா.

இன்னிக்குக் காலையில ஷேவ் பண்ணி விட்டுக்கிட்டு இருந்தேன். முகத்துல சோப்போட சொல்றாரு, ரெண்டு பேரும் சேந்தாப்புல உக்காந்து எடுத்துக்குங்க, பெரிசாப் போட்டு எதுத்த சுவத்துல மாட்டணும், என் வீட்டுலேருந்து ரெண்டு பேரு சபையில இருந்தாங்கன்னு வர்றவன் போறவன் பாக்கட்டும்னு. படுத்த வாக்குல கண்ணுக்கு நேரா வர்ற மாதிரி ஆணி அடிக்கணும்னு எடம் வரைக்கும் காட்டிட்டாரு.

அய்யோ, நீங்க அதைத் தூக்காதீங்க. வைங்க, அங்கயே வைங்க. எம் பக்கத்துலயே இருக்கட்டும். வீட்டுக்குப் போய் உயரம் சரியா வரலன்னு நான் சொன்னா, ரெண்டு தடவை கேப்பாரு. எனக்கு ரெண்டாவது தடவை பொய் சொல்ல இப்பல்லாம் தெம்பு இல்ல.

வண்டி சத்தம் கேக்குதா. அவதான். இப்ப வந்து உக்காந்துருவா. எடுக்கறப்ப சிரிங்கன்னு சொல்லுவீங்கல்ல, என்னைப் பாத்துச் சொல்லாதீங்கண்ணே. பொதுவாச் சொல்லுங்க. நான் சிரிச்சுடுவேன்.